மைனஸ் ஒன்று

ரெஜைனாவில் அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
காரின் எஞ்சினைக் கரண்டில் மாட்டிவிட்டு
மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.
ரஸ்ஸல் என் மேசையில் ஒரு தாள் வைத்துவிட்டுப் போயிருந்தார்:
ஜனவரி ஓய்வூதியம் நின்றுபோன ஐந்து பேர்.
காரணம்: மரணம்.
நால்வர் போனில் கத்தித் தீர்த்தார்களாம்.
ஐந்தாமவர், வெய்பர்ன் ஊர் வில்மா டெயர்போர்ன்,
சிரித்தாராம்.

கேள்வியைக் கையால் ஓட்டிப் பார்த்தேன்.
இறந்த தேதிக் கட்டத்தில் வெறும் கோடுகள்.
சரி, இருக்கிறார்.
அதே கேள்வியைக் கோபோல் நிரலின் வாயால் கேட்டால்
நவம்பர் ஒன்பது.
மறுபடி கேட்டேன். நவம்பர் ஒன்பது.
எஸ்கியூஎல் கோடு பூஜ்யம்.
அதன் பாஷையில், எல்லோரும் சௌக்கியம்.

பத்தி பத்தியாக டிஸ்பிளே போட்டேன்,
இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடுகிற மாதிரி.
இரண்டே காலுக்கு அகப்பட்டது:

40718 லாய்டு டெஸியே நவம்பர் ஒன்பது
40719 வில்மா டெயர்போர்ன் நவம்பர் ஒன்பது

முன்பெல்லாம் உயிரோடிருப்பவருக்கும்
ஒரு தேதி போட்டு வைத்திருந்தோம்:
9999, டிசம்பர் 31.
அது பொய்யாயிற்றே என்று யாருக்கோ உறுத்தி,
போன மாதம் முகவரி மாற்றியவர்களுக்கு மட்டும்
அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.
காலி வந்தால் டேட்டாபேஸ் கிண்ணத்தைத் தொடாது.
பக்கத்தில் மைனஸ் ஒன்று என்று
சின்னதாக ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போய்விடும்.
சீட்டை யாரும் படிக்கவில்லை.
கழுவாத கிண்ணத்தில்
முன்னால் சாப்பிட்டவரின் மிச்சம்.
லாய்டின் சாவை வில்மாவுக்குப் பரிமாறியிருக்கிறோம்.

இரண்டு வரி சேர்த்தேன்:
சீட்டு பூஜ்யத்துக்குக் கீழே என்றால்
கிண்ணத்தைத் துடை.
முற்றுப்புள்ளி.
மூன்று நாற்பதுக்கு ஓட்டம் முடிந்தது.
ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள்.
காபி இயந்திரம் சில்லறை கேட்டது, என்னிடம் இல்லை.

காலையில் வில்மாவை நானே அழைத்தேன்.
'பணம் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.'
'அதிருக்கட்டும்,
நான் என்றைக்குச் செத்தேன்?'
சொன்னேன்.
'நவம்பர் ஒன்பதா? அன்றைக்குக் கர்லிங் ஆடினேனே,
ஏழுக்கு நாலு, ஜெயித்தோம்.
அப்போ அது யாருடைய தேதி?'

சொல்லக் கூடாது. சட்டம் இருக்கிறது.
இருந்தும், தூக்கமில்லாத வாய்,
'உங்களுக்கு முந்தைய எண்' என்றது.

போனில் கொஞ்ச நேரம் கெட்டிலின் இரைச்சல் மட்டும்.
'எழுபத்து நாலில், தானியக் கிடங்கில்,
பதிவேட்டுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால்
நெட்டையாக ஒருவன்.
காதுமடல் வரைக்கும் பார்லித் தூசி.
பேனா எழுதவில்லை என்று என்னிடம்தான் கடன் வாங்கினான்.
லாய்டு.
அவனா?'

நான் ஒன்றும் சொல்லவில்லை.

'ஒன்பதாம் தேதி' என்றார்.
இழுப்பறை திறக்கும் சத்தம்.
எழுதிக்கொள்கிறார் போல.