வலிமை எழுபத்தொன்று, தரம் சுழியம்

திரையின் அடியில் இரண்டு பட்டைகள்.
வலிமை எழுபத்தொன்று. தரம் சுழியம்.
இதே கணக்கில் ஒரு கல்யாணம் இருந்தது எனக்கு.
அதை விடுங்கள்.

புக்கிட் மேராவில் ஆறாவது மாடி, ஓரறை வீடு,
வாடகை இரண்டு பேர் பெயரில்.
நடுவில் ஒரு துணித் திரை.
இந்தப் பக்கம் நான், இரவுக் காவலாளி.
அந்தப் பக்கம் ஹோக் செங், காப்பிக்கடையில் தட்டெடுப்பவர்.
அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது.
வீவக கவுன்டர் எண் பன்னிரண்டில்
எங்களுக்குப் பொருத்தம் பார்த்தார்கள்.

ஆண்டெனா பதினெட்டு வெள்ளி.
கறுப்பாய், தட்டையாய், தீய்ந்த தோசை மாதிரி.
கோபுரம் புக்கிட் பாத்தோக்கில் இருக்கு அங்கிள்,
அந்தப் பக்கம் பார்த்து வையுங்க என்றாள் கடைப்பெண்.
கைப்பேசியில் திசைகாட்டி வைத்து
மூன்று நாள் வடமேற்கைத் தேடினேன்.
சன்னல் கம்பியில் கட்டினேன்,
துணி காயும் கழியில் கவ்வினேன்,
அலமாரி உச்சியில் பிஸ்கட் டின்னை அடுக்கி
அதன் மேல் நிறுத்தினேன்.

செய்தி வாசித்தவர்
"நாளை பிற்பகல் இடியுடன்" என்றார்.
முகம் சதுரம் சதுரமாய் உதிர்ந்தது.
இடியுடன் என்ன வரும் என்பதை
மறுநாள் நனைந்துதான் தெரிந்துகொண்டேன்.

பழைய பெட்டியில் மணல் கொட்டினாலும் குரல் கேட்கும்.
இதில் பாதி வருவது என்ற பேச்சே இல்லை.
வந்தால் மூக்கு மயிர்வரை தெரியும்,
வராவிட்டால் நீலத்திரை.

"சிக்கிட் கிரி," என்பார் ஹோக் செங் கட்டிலில் இருந்து.
இடப்பக்கம் நகர்வேன்.
"லாகி. லாகி. ஹா! ஜாங்கான் கெராக்!"
அசையாமல் நிற்பேன், ஒரு கை உயர்த்தி,
பேருந்தை நிறுத்துகிறவன் போல.
பிடித்திருக்கும்வரை படம் ஓடும்,
விட்டால் போய்விடும்.
என் உடம்பையும் சேர்த்துப் பதினெட்டு வெள்ளிக்கு
வாங்கிவிட்டேன் போலிருக்கிறது.
நான் பிடித்துக்கொண்டிருந்தால் படத்துக்கு முதுகு.
பார்த்ததெல்லாம் அவர்தான்.

வியாழன் மதியம் நான் தூங்கும்போது
அவர் தரை துடைத்திருக்கிறார்.
வழியில் கிடந்ததை எடுத்துத்
தன் குளிர்ப்பெட்டி மேல் போட்டிருக்கிறார்,
ஆரஞ்சுப் பழங்களுக்கும் ஊதுபத்திக் கிண்ணத்துக்கும் இடையில்,
கோபுரத்துக்கு முதுகைக் காட்டி,
எதிர் புளோக்கின் வெறுஞ்சுவரைப் பார்த்தபடி.

விழித்தால் தமிழ் கேட்கிறது.
யாரோ ஒருத்தி யாரையோ மாமா என்று திட்டுகிறாள்.
வலிமை நாற்பத்துமூன்று. தரம் தொண்ணூற்றெட்டு.

நேரே வந்தது எங்கோ சிதறியிருக்கிறது.
அந்தச் சுவரில் முட்டித் திரும்பியதுதான்
எங்கள் வீட்டுக்குள் முழுசாய் வருகிறது.
ஹோக் செங்குக்கு இதை மலாயில் எப்படிச் சொல்வது?
சுவரைக் காட்டினேன். பெட்டியைக் காட்டினேன்.
தலையாட்டினார். என்ன புரிந்ததோ.

இப்போது சில ஏற்பாடுகள்.
குளிர்ப்பெட்டி உறுமத் தொடங்கினால் படம் உடைகிறது.
என் செய்தி அரை மணிநேரம், அவர் நாடகம் ஒரு மணிநேரம்,
பிளக்கைப் பிடுங்கி வைக்கிறார்.
அவர் மீன் என்னால் ஒருநாள் நாறியது,
வாய் திறக்கவில்லை.
வயர் போவதால் திரைத்துணி முழுக்க மூடுவதில்லை,
ஒரு முழம் இடைவெளி.
அவர் குறட்டை முன்பைவிடத் தெளிவாய்க் கேட்கிறது.

நேற்று மின்தூக்கி அருகே நான்கு மொழியில் ஒட்டியிருந்தார்கள்:
எதிர் புளோக்குக்கு வண்ணம் பூசுகிறார்கள்.
திங்கள் முதல் சாரம் கட்டுவார்கள், இரும்பில்,
தரையிலிருந்து மொட்டைமாடிவரை.

ஹோக் செங் சீனத்தில் படித்தார், நான் தமிழில் படித்தேன்.
பிறகு இருவரும் சுவரைப் பார்த்தோம்.