கேஸ்

"நெஞ்ச அடைக்குதுடா" என்றுதான் சொன்னான் பூவலிங்கம்.
அதை நான் இந்தியில் சொன்னேன்.
என் இந்தி
சிமெண்ட், கம்பி, சம்பளம், நாளைக்கு.
அடைப்புக்கு அதில் சொல் கிடையாது.
கையை எங்கே வைத்துக் காட்டினேனோ,
"கேஸா?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.
தலையாட்டினேன்.
டோக்கன் எழுபத்து நான்கு.

சோஹாரில் ஜூலை இரவு. கண்ணாடிக் கதவுகூட வேர்த்திருந்தது.
உள்ளே எல்லோரும் ஏசியில் நடுங்க
இவன் மட்டும் சட்டை நனைந்து.

ஒரு நர்ஸ், கோட்டயத்துக்காரி,
மார்பில் ஒயர் ஒட்டி ஒரு தாள் எடுத்தாள்.
மலையாளம் பாதித் தமிழ்தானே என்று தெம்பாக இருந்தேன்.
மீதிப் பாதி இருக்கிறதே.
தாள் தட்டில் கிடந்தது
டாக்டருக்காக, ஷிப்ட் மாறுவதற்காக.
இடையில் வெள்ளையாக ஒரு மருந்து, புதினா வாசம்.
"இப்ப தேவலைடா" என்றான்.
நான் கேண்டீனுக்குப் போய் டீ குடித்தேன்.

திரும்பி வந்தபோது ஓடிக்கொண்டிருந்தார்கள்.
நன்றாகத்தான் ஓடினார்கள்.

ஃபைல் வாங்கப் பதினோரு நாள்.
மூன்றே பக்கம்.
வந்த நேரம் மூன்று மணி என்றிருந்தது.
அரபி இரண்டுக்கு ஒரு பல் கூட வரைந்தால் மூன்று;
லாரி நம்பர் பிளேட் பார்த்தே பழகிய கண் எனக்கு.
அந்தப் பல் வேறு மையில் இருந்தது.

வக்கீல் ஆபீசில் மொழிபெயர்க்க ஆள் வைத்திருந்தார்கள்.
அவர் விரல் மடக்கினார்:
தாமதம். தாளைப் பார்க்காதது. நேரத்தைத் திருத்தியது.
மொழி தெரிந்தவரைக் கூப்பிடாததும் அவர்கள் தப்புதான்.
"கேஸ் நிக்கும்" என்றார்.

இரண்டாம் பக்கத்தின் கீழே ஒரு வரி.
அதை அவர் வேகமாக வாசித்துக் கடந்தார்.
தொந்தரவு: கேஸ். சொன்னவர்: நண்பர்.
என் பெயரில் ஒரு எழுத்து தப்பு.

சாயல்குடியிலிருந்து முத்துராக்கு பேசினாள்.
நஷ்ட ஈடு பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"கடைசியா என்னண்ணே சொன்னாரு?"

"நெஞ்ச அடைக்குதுன்னாம்மா."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் எங்கோ குக்கர் விசில்.

"அப்படியா சொன்னாரு?
அதையேதானே அண்ணே
நீங்க அவங்ககிட்ட சொன்னீங்க?"