நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தாராவியில் பதினாலாவது மாடி. லிஃப்ட் பழுது.
ஒப்புதல் படிவம் மூன்று பக்கம், மூன்றும் ஆங்கிலம்;
மெய்ப்புத் தாள் ஒன்று மட்டும் தமிழ்.
ஒன்பதில் மூச்சு வாங்க நின்றபோது
திரும்பிவிடலாமா என்றிருந்தது.
பெயரை மாற்றியாயிற்றே, போதாதா என்று
வக்கீலே கேட்டிருந்தார்.

ஜெபக்கனி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.
"எஸ்தர்னு வருதே, அது நானா?"
"ஆமா."
"எஸ்தர் எங்க நாத்தனார். சண்டைக்கு வருவா.
என் பேரையே போடு."

பிறகு வாய்விட்டுப் படித்தாள்,
முலுண்டில் மாத்திரை அட்டைகளை எண்ணுவாளே
அதே உரத்த குரலில்:
"அவன் போனா நான் அழமாட்டேன்,
கணக்குத்தான் பாப்பேன்."

உள்ளறையில் இருமல் நின்றது.

அவர் படுத்து நான்கு வருஷமாம்.
எனக்குத் தெரியாது. நான் எழுதிய ஆளுக்கு
இன்னும் பெல்ட்டைக் கழற்றுகிற கை இருந்தது.
இங்கே கொடியில் காய்ந்தது
அவருக்குக் கீழே விரிக்கிற ரப்பர் ஷீட்.

"சொன்னேன்தான்." குரலைத் தாழ்த்தவில்லை.
"ஆனா அவன்னு சொல்லல. இந்தாளுன்னு சொன்னேன். திருத்திக்கோ."
திருத்தினேன்.
"கணக்கும் இப்பவே பாத்தாச்சு.
மருந்துக்கு மட்டும் மாசம் ஆறாயிரம்."
சிரித்தாளா என்று சொல்ல முடியாது.
இதை எழுதலாமா என்று நான் கேட்கவும் இல்லை.

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.
"அதுக்கு நீ என்ன சொன்ன?"

புத்தகத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
குர்லா தாண்டி
மித்தியின் கறுப்புத் தண்ணீரைப் பார்க்கிறேன்.
நல்ல வரி. நண்பர்கள் இருவர் பாராட்டியது.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள்.
எனக்கும்.
பொறுத்துக்கோ ஜெபா, வேற போக்கிடம் ஏது?

அதற்குப் பிறகும் பதினோரு வருஷம்
அவள் அடிபட்டது என் பேச்சைக் கேட்டா என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அதையும் போடு. அப்புறம் கையெழுத்து."
இருமல் மறுபடி தொடங்கியது.
தண்ணீர்ச் செம்போடு உள்ளே போனாள்.

படிவத்தில் எல்லாருக்கும் கட்டம் இருக்கிறது:
ஆசிரியர், மேற்கோளுக்கு உரியவர், சாட்சி, தேதி.
சொன்னதை விழுங்கியவருக்கு
எங்கே கையெழுத்துப் போடுவதென்று
பதினாலு மாடியும் இறங்கித் தேடினேன்.

சயானில் ஏறி, உட்கார இடமில்லாமல்
கதவோரத் தகரத்தில் தாளை வைத்து
மித்தியை அடித்தேன். எழுதினேன்.
வண்டி குலுங்கியதில் 'போக்கிடம்'
கோணலாக விழுந்தது,
படிக்க முடிகிற அளவுக்கு.