வராதவர் படுக்கை

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் நான்காவது மாடி.
ராத்திரி ஒன்பதுக்கு வருவார்கள்,
தூங்கிக் காட்ட.

நாச்சிமுத்து அய்யாவுக்கு ஐம்பத்தெட்டு.
பல்லடத்தில் இருநூறு தறி.
முடியை வகிர்ந்து வகிர்ந்து
பசை தொட்டு ஒட்டினேன், இருபத்திரண்டு வயர்.
நெஞ்சுக்கொரு பட்டை, வயிற்றுக்கொன்று,
விரலுக்குக் கிளிப்.
"ஏனம்மிணி, இத்தனையும் கட்டிக்கிட்டு
எவனுக்கு ஒறக்கம் வரும்?"
வந்தது. பத்தாவது நிமிஷம் குறட்டை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
முப்பது நொடிக்கு ஒரு பக்கமாக
அவர் தூக்கம் திரையில் புரள்கிறது.
மூச்சு நிற்கிற இடத்தில்
ஒரு கோடு அப்படியே படுத்துவிடும்.
அதை எண்ணி எழுதுவதுதான் வேலை.
மணிக்கு நாற்பத்தொன்று.
நாற்பத்தொரு தடவை கழுத்தைப் பிடித்துப் பிடித்து
விடுகிறது ஏதோ ஒன்று.
பொய் சொல்லக் கூடாது,
பாவமாகத்தான் இருந்தது.

விடிந்ததும் சொன்னார்:
"பதினேழு வயசுல நூல் சாக்கு மேல படுப்பேன் கண்ணு,
தலைமாட்டுல தறி ஓடும்.
இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."
வயர் பிடுங்கிய இடமெல்லாம்
பசையோடு நின்றது நரைமுடி.

டாக்டர் அவர் கோளாறுக்கு
நீளமாய் ஒரு பேர் எழுதினார்,
மூச்சு ஊதும் மிஷின் ஒன்று எழுதினார்.
விலை என் ஆறு மாசச் சம்பளம்.
கூடவே ஒரு தாள். அதை அச்செடுப்பதும் நான்தான்.
அறை இருட்டாக இருக்கட்டும்.
சத்தம் ஆகாது.
தினமும் ஒரே நேரத்தில் படுக்கவும்.
படுக்கையறையில் உறக்கம் தவிர வேறு வேலை கூடாது.

மை மங்கிப்போன பிரதி ஒன்று
சோமனூரில் எங்கள் லைன் வீட்டில்
அரிசி டின்னுக்கு அடியில் விரித்துக் கிடக்கிறது.

ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி குடோன்.
சென்னியப்பனுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி.
அவர் எழுந்த சூட்டில் நான் படுப்பேன்,
பாய் ஆறுவதே இல்லை.
குக்கர் விசில். மகள் சாருலதாவின் ஏழாம் வாய்ப்பாடு.
எட்டு நாளைக்கொருக்கா வரும் குழாய்த் தண்ணி
மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வரும்.
இத்தனைக்கும் நடுவே நாலு மணி நேரம்,
சில நாள் மூன்றரை.
கரண்ட் போனால்தான் தொல்லை:
தறி நின்ற அந்த நொடி
லைனில் உள்ள குழந்தைகள் அத்தனையும்
ஒட்டுக்கா விழித்து அழும்.

ஆடி மாசம் தார் மாற்றும்போது கண்ணசந்து
இவருக்கு நடுவிரல் நகம் போனது.
அதற்கும் பேர் எழுதினார்கள்.
கவனக்குறைவு.
இருநூறு ரூபாய் பிடித்தம்.

போன புதன்கிழமை மூன்றாம் அறைக்கு ஆள் வரவில்லை.
கொடுமுடியில் ஒரு கல்யாணமாம், போனில் சொன்னார்கள்.
விரிப்பு மாற்றியாகிவிட்டது,
ஏசி இருபத்து மூன்றில்.
ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்.
இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன்.

பின்னந்தலைக்கு என் கை எட்டவில்லை.
முன்னால் மட்டும் ஆறு வயர்.
பெயர் இல்லாமல் ஓடாது மிஷின்.
புது வயரைப் பார்க்கும்போது
என்ன அடிப்போமோ அதையே அடித்தேன்:
சோதனை.
தொழில் என்ற கட்டத்தைத் தாண்டிப் போனேன்.

நாற்பத்தேழு நிமிஷம்.

எழுந்து வந்து என்னை நானே வாசித்தேன்.
நாலாவது நிமிஷமே கனவு.
அவ்வளவு சீக்கிரம் வரக் கூடாது அது;
கடன்காரன் மாதிரி
வாசலிலேயே காத்து நின்றிருக்கிறது.
என்ன கனவென்று கோட்டில் தெரியாது,
எனக்கும் ஞாபகமில்லை.
ஒன்று பதினெட்டுக்கு
ஆறு கோடும் ஒரே சமயத்தில் துள்ளி எழுந்திருக்கின்றன.
யார் கதவைத் தட்டியது?
கேமராவை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன்.

ஒன்றுமில்லை.
ஏசி நின்றிருக்கிறது.

அழிக்கவா என்று கேட்டது திரை.
அதற்குள் முதல் அறையில் யாரோ மூச்சு நின்று
சிவப்பு விளக்கு எரிந்தது.
எழுந்து ஓடினேன்.