புள்ளி ஒன்று ஐந்து

க்டினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஸெனோன்
இரவு ஷிஃப்டுக்கு முன்னால் கடைக்குள் வருகிறான்.
கையுறையைக் கழற்றாமலே
மேசைமேல் ஒரு காயிலை வைக்கிறான்.
தானே சுற்றியதாம்.
பிள்ளையின் முதல் பல்லைக் காட்டுகிற முகம்.

சிப் எதுவும் இல்லாத
வெறும் பித்தளைக் குழாய்க்குள் போடப்போகிறானாம்.
"கடல்மேல் வருமே, பொகுமிவா,
அப்படியொரு மேகம் வேண்டும்."

மீட்டரில் பொருத்தினேன்.
புள்ளி ஒன்று ஐந்து ஓம்.

ரசீதைத் திருப்பி எழுதினேன்:
முழுக்க ஏறிய பேட்டரி நாலு புள்ளி இரண்டு வோல்ட்.
வகுத்தால் இருபத்தெட்டு ஆம்பியர்.
உன் பேட்டரி தாங்குவது இருபது.
உறையில் முப்பத்தைந்து என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள்.
உறைக்கென்ன,
அதுவா சுடப்போகிறது?

சிரித்தான்.
நாற்பது டன் பெட்டியைத் தூக்குகிறவன்
நகக்கண் அளவுக் கம்பிக்கு அஞ்சுவதா?

"உன் கிரேனிலும் ஒரு தகடு இருக்கிறதே,
இத்தனை டன்னுக்குமேல் கூடாதென்று.
காற்றடிக்கிற நாளில்
அதற்கும் குறைத்துத்தானே தூக்குகிறாய்?"

பதில் இல்லை. கையுறையைக் கழற்றினான்.

தடை குறைந்தால் ஓட்டம் மிகும்.
தடையே இல்லாவிட்டால்
அதற்குப் பெயர் ஷார்ட் சர்க்யூட்.
அப்படி ஒருவனோடு ஆறு வருடம் குடும்பம் நடத்தினேன்.
அது வேறு கணக்கு.

அரை ஓம் காயில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
வாட் காட்டும் உன் பழைய பெட்டியில் போடு.
பஞ்சு நனையப் பத்து நிமிடம் பொறு.
இருபத்தைந்தில் தொடங்கு, மெல்ல ஏற்று.
கருகல் வாசம் வந்தால்
ஏற்றாதே, இறக்கு.

சரி சரி என்று
பணத்துக்காகக் கோட்டுப் பைக்குள் கைவிட்டான்.
நாணயங்கள் வந்தன, வீட்டுச் சாவிக்கொத்து வந்தது,
சாவிகளின் பல்லுக்கு நடுவே
உறை கிழிந்த ஒரு பேட்டரி
உருண்டு வந்து நின்றது.

கால் மணி நேரம் போட்ட கணக்கில்
அந்தச் சாவிக்கொத்து எங்குமே இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை.
கிழிந்ததை வாங்கி வைத்துக்கொண்டு
புதியதொன்றை பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தந்தேன்.
"பெட்டிக்கு எவ்வளவு?"
"ஷிஃப்டுக்கு நேரமாகிறது, போ."

கதவு மூடியபின் பார்க்கிறேன்,
அவன் சுற்றிய கம்பி மீட்டரிலேயே இருக்கிறது.
ஆறு சுற்று. இடைவெளி பிசகவில்லை.
நல்ல கை.
வெட்டிப் போட மனம் வராமல்
பேட்டரிகள் இல்லாத இழுப்பறையில்
தனியே வைத்தேன்.