கேள்வி எண் பதினேழு

கர்ப்பப்பை இருக்கிறதா என்று கேட்டேன்.
"ராம்நாட்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் நம்பீஸ்வரி,
குடையை மறந்தவள்போல.

வயது முப்பத்து நான்கு.
எந்த வழி: வயிற்றைக் கிழித்தா, கீழ்வழியா, துளை போட்டா?
சேலையை விலக்கினாள்.
தூண்டில் நரம்பாய்க் குறுக்கே ஒரு தழும்பு.
துளைக்கு மதுரை போகணுமாம்.

"மாசத்துல பன்னெண்டு நாள்தான் பாசி.
அதுல பாதி ரத்தத்துக்குப் போச்சு.
எடுத்திரலாமான்னார் டாக்டர்.
பசங்க ரெண்டு இருக்கே, எடுங்கன்னேன்."

சின்னப்பாலத்தில் அன்று பதினொரு வீடு,
நான்கு 'ஆம்'.
டெல்லிக்குப் போனால் நாலு பேரும்
ஒரு தசமப்புள்ளிக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார்கள்.

'காரணம்' என்ற கட்டத்தில் அரை விரல் இடம்.
உதிரப்போக்கு என்று எழுதினேன்.
இடுப்பைப் பிடித்தபடி எழுந்து
காலில் தகரத்தைக் கட்டத் தொடங்கினாள்.

இன்னும் ஒரு கேள்வி என்றேன்.
"தண்ணி ஏறிரும்" என்றாள்.