வருகையின் நோக்கம்

தொண்டியில் இறங்கியபோது மணி நான்கு.
பையில் அரைக்கிலோ மாதிரிக் காய்,
பதினோரு மாதத்து ரசீதுகள்,
போடியில் பஸ் ஏறும்போது
முதலாளி சொல்லிவிட்ட ஒரே வாக்கியம்:
'கையில் வாங்காமல் திரும்பாதே.'

முதல் லாட்ஜில்
'கூட யாரும்மா?' என்றார்கள்.
இரண்டாவதில் அதையே
ஃபேனைப் பார்த்தபடி கேட்டார்கள்.
மூன்றாவதில் ஹபீபம்மாள்
பேரேட்டை என் பக்கம் திருப்பிவைத்து
'பேனாவை இழுக்காதீங்க புள்ள,
நூல் அறுந்துபோகும்' என்றாள், அவ்வளவுதான்.

பெயர். வயது. ஊர்.
வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம்.
எனக்கு மேலே இருந்தவர்கள் எழுதியிருந்தது:
வலை. வலை. டீசல் பம்பு. ஜோசியம்.
ஒருவர் மட்டும் 'சும்மா'.
நான் 'ஏலம்' என்று எழுதினேன்.

அறையில் சோப்பு நுரைக்கவில்லை.
குடிக்க ஒரு குடம், இரண்டாவதுக்குக் காசு.
சுவரில் பனிமூடிய மலையொன்று
மூன்று வருடம் பழைய காலண்டரில்.
எங்கள் ஊர் லாட்ஜ்களில் கடல் தொங்கும்,
தென்னையும் தோணியுமாக.
அதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு
இங்கே கடல் ஒரு கண்மாய்போலக் கிடந்தது.
கரையில் கடல்புல் அழுகிக் குவிந்த வாசம்.
'அலை எங்கே?'
'அலை வேணும்னா தனுஷ்கோடி போகணும்.'

எங்கள் பக்கம் தண்ணீர்
மலையிலிருந்து தானாக இறங்கி வரும் என்றேன்.
ஹபீபம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.
'யார் வீட்டுக்கு முதல்ல வரும்?'
அதற்கு என்னிடம் பதில் இருந்தது.
சொல்லவில்லை.

இருட்டில் கதவு தட்டுகிறது.
மூன்றரை மணி.
'ஏலம்னு எழுதியிருந்தீங்களே,
மீன் வந்துருச்சு.'

தூக்கத்தில் திருத்தத் தோன்றவில்லை.
செருப்பு எது வலது எது இடது என்று தெரியாமல்
அவள் டார்ச்சின் பின்னால் நடந்தேன்.

ஈரச் சாக்கு. ஐஸ் உடைக்கும் சத்தம்.
கயிறு கட்டிய நண்டுகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன.
ஒருவன் எண்களை மூச்சுவிடாமல் கொட்டுகிறான்,
எதிரே யாரோ புருவத்தை அசைக்க
ஒரு கூடை கைமாறுகிறது.
எங்கள் ஏலத்தில் இப்போது திரையில்தான் எண் ஓடும்.
இங்கே முகங்களைப் படிக்க வேண்டும்.

படித்துக்கொண்டே வந்த என் கண்ணில்
பிரியாணிக் கடை கனி ராவுத்தர்.
போனில் பதினோரு மாதமாக
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்.
இடது கையில் விறால்மீன் அளவுக்கு ஒரு கட்டு நோட்டு.

நான் பேசவில்லை.
பையைத் திறந்து ஒரு காயை நசுக்கினேன்.
அந்த நாற்றத்துக்குள் அது
எப்படிப் போய்ச் சேர்ந்ததோ,
மனிதர் திரும்பினார்.

'நீங்களாம்மா' என்றார்.
நண்டுக்காரனுக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு
எச்சில் தொட்டு எண்ணினார்.
ஆறு மாதம். மீதி பெருநாளைக்கு.
'உடம்பு எப்படியிருக்கு?' என்று கேட்டுவிட்டேன்.
மனிதர் வெட்கப்பட்டதைக் கொஞ்சம் ரசித்தேன்,
அப்புறம் அவ்வளவு ரசிக்க முடியவில்லை.
நண்டு இல்லாமல் போனார்.

மாதிரிக் காயில் ஒரு பிடி
ஹபீபம்மாளின் டீத்தூள் டப்பாவுக்கு.
'இதுவா ஏலம்?' என்றவள்
சிரித்து முடிக்க வெகுநேரமானது.
ஆனாலும் இரண்டாவது குடத்துக்குக்
காசு வாங்கிக்கொண்டாள்.

திருவாடானை தாண்டும்வரை
பக்கத்து சீட்டுப் பெண்
மூக்கைச் சுளித்தபடி என் பையைப் பார்த்தாள்,
பிறகு ஏதோ பிடித்துப்போய் மெல்ல மூச்சிழுத்தாள்,
மறுபடி சுளித்தாள்.
நோட்டு இன்னும் காயவில்லை.